உள்ளங்கைக்கு மட்டும்

சத்தியமாச் சொல்றேன், நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லுகூடப் பொய்யில்ல. சாமி மேல சத்தியம் பண்ணலாம்தான், ஆனா சாமிக்கு என்னையத் தெரியும், நம்பாது. பிள்ள மேல பண்ணலாம்னா எனக்குப் பிள்ளையில்ல. அதனால இந்தா இருக்கே என்னோட ரெண்டு உள்ளங்கை, இதுக மேல சத்தியம், பொய் சொன்னேன்னா இது ரெண்டும் மறுபடி வெடிச்சு வெள்ளரிப்பழமாப் பொளந்து போகட்டும். இப்படித்தான் ஆரம்பிக்கணும் உள்ள போனதும். ம்ஹூம், வேணாம். இப்படி ஆரம்பிச்சா உள்ள இருக்குற டாக்டரம்மா சிரிச்சிரும். நான் வாயத் தொறந்தாலே சிரிக்கிறாங்க, என்ன செய்ய, வாயோட வார்ப்பு அப்படி. எழவு வீட்டுல போயி ரொம்ப வருத்தமா இருக்கு ஆத்தான்னு சொன்னேன், செத்தவரு பொண்டாட்டியே முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. இன்னைக்குச் சிரிக்கக் கூடாது. இன்னைக்கு எவ சிரிச்சாலும் பல்லத் தட்டிக் கையில குடுத்துருவேன், டாக்டரா இருந்தாலும் சரி. டாக்டரம்மா, எம்பேரு பஞ்சவர்ணம், கட்டட வேலையில சித்தாளு, இது என் தம்பி சோலைமலையோட மகன், இது தம்பி பொண்டாட்டி சங்கவி, இவ சொல்றதக் கேக்காதீக, நான் சொல்றதக் கேளுங்க. இது நல்லாருக்கு. ஆனா இவ்வளவு சொல்றதுக்குள்ள சங்கவி குறுக்க விழுந்துருவாளே. வர்ற வழியில ஷேர் ஆட்டோவுலயே என் தொடையக் கிள்ளி வச்சுச் சொல்லிட்டா, "மதினி, அந்த டியூப்பப் பத்தி உள்ள வாயத் தொறந்தீக, நான் மனுசியா இருக்கமாட்டேன்". இப்ப மட்டும் மனுசியாவா இருக்க. பிள்ளைக்கு நேத்துலேர்ந்து காய்ச்சலு, குடிச்ச பாலக் கக்குது, காலையிலேர்ந்து பாலே வேணாங்குது, அவ தோள்ல தலையப் போட்டுக் கெடக்கு. அந்தக் களிம்பு டியூப்பு எங்க இருக்கு தெரியுமா, என் இடுப்புச் சுருக்குப்பையில வெத்தலைக்கும் பாக்குக்கும் நடுவுல இருக்கு. அவளுக்குத் தெரியாது.

பெரியாஸ்பத்திரி பிள்ளைக பிரிவு வராந்தா, எம்புட்டுப் பெஞ்சு போட்டாலும் பத்தாது. செவத்துல ஒரு யானையும் முயலும் கையக் கோத்துக்கிட்டு நிக்கிற மாதிரி படம் வரைஞ்சு வச்சிருக்கான், யானை மூஞ்சிக்குக் கீழ பூச்சு பொத்துக்கிட்டு உப்பித் தெரியுது. ஈரச் செவத்துல பெயிண்டு அடிச்சா அப்படித்தான், உள்ள இருக்குறது உப்பிக்கிட்டு வெளிய வரும், மேல இருக்குற யானைக்குக் கன்னம் வீங்கும். வீங்குன கன்னத்தப் பாத்தா இப்ப எனக்கு ஆத்திரமா வருது. இதுக்கு முன்னாடி பூச்சு வேலையில எங்கயாச்சும் உப்பிருந்தா தட்டிப் பாத்துச் சிரிப்பேன், கொத்தனாரே ஒங்க செவத்துக்கு இது எத்தனாவது மாசம்னு கேப்பேன். இப்பச் சிரிப்பு வரல. கூப்பிடுறானா? இல்ல, அது வேற பேரு. பக்கத்துல ஒரு பொம்பள, மூக்குல சளி ஒழுகுற பொட்டப்பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு எங்க பயலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் மெதுவா சங்கவிகிட்டக் குனிஞ்சு கேக்குது, "ஏத்தா, பிள்ள இப்படிக் கொழுகொழுன்னு இருக்கானே, என்னத்தக் குடுக்குற?" நான் அப்படியே பெஞ்ச விட்டு எந்திரிச்சுட்டேன். சங்கவி தலையத் தூக்காமச் சொல்றா, "கேப்பக்கூழுக்கா". கேப்பக்கூழாம். எந்தக் காட்டுல வெளைஞ்ச கேப்பைடி அது, மெடிக்கல்ல டியூப்புல அடைச்சு விக்கிற கேப்பை. கத்திருப்பேன். பயலப் பாத்தேன், கண்ணு பாதி மூடிக் கெடக்கு, கத்தல. உக்காந்தேன். கேளுடி, கேளு, ஒன் பிள்ளைக்கும் வாங்கிப் போட்டு வீங்க வையி. எனக்கு வாயி நமநமங்குது, கையும் நமநமங்குது.

எங்கையப் பத்திச் சொல்லணும், அதச் சொன்னாத்தான் டியூப்பு எப்படி வந்துச்சுன்னு வெளங்கும். சிமிண்டு தின்ன கை இது. சாந்துச் சட்டி தூக்கித் தூக்கி, கலவையக் கையாலயே அள்ளி அள்ளி, மொதல்ல அரிப்பு, அப்புறம் கொப்புளம், அப்புறம் உள்ளங்கையே கம்மாக்கரை மண்ணு மாதிரி வெடிச்சுப் போச்சு. சோத்துல கைய வச்சா உப்பு ஏறி உசுரு போகும். ஸ்பூன்ல திம்பேன், வேலைக்கு வந்த இடத்துல என்னைய வெள்ளக்காரின்னு கூப்பிட்டாளுக. தேங்காயெண்ணெ போட்டுப் பாத்தேன், மஞ்சளப் பத்துப் போட்டுப் பாத்தேன், அது என்னைய மதிக்கவே இல்ல. கடைசியில இதே ஆஸ்பத்திரியில தோலு டாக்டருகிட்டப் போனேன். மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவரு, எங்கையப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, கட்டுன புருசன்கூட அப்படிப் பிடிச்சதில்ல, அதையும் அவருகிட்டயே சொன்னேன், பக்கத்துல நின்ன நர்சம்மா சிரிச்சுச்சு. அவரு சிரிக்கல. பேனாவால என் ஆள்காட்டி விரல்ல, நுனிக்குக் கீழ இருக்கே மொத ரேகை, அதுல ஒரு கோடு போட்டாரு. "இந்தக் கோட்டுலேர்ந்து நுனி வரைக்கும் ஒரு இழுப்பு பிதுக்கு. ரெண்டு உள்ளங்கைக்கும் அது போதும். பல்லு வெளக்குற பேஸ்ட்டு மாதிரி அப்பாத." சரிங்கய்யா. "இது பலமான மருந்து. உள்ளங்கைத் தோலு கனம், அதனால தாங்கும். மூஞ்சி, கழுத்து, அக்குளு, தொடையிடுக்கு, இங்கெல்லாம் தோலு மெல்லுசு, மருந்த உள்ள இழுத்து ரத்தத்துல கலந்துரும். அங்க போடக் கூடாது. பிள்ளைகளுக்குத் தொடவே கூடாது. போட்டதுக்கு மேல பிளாஸ்டிக்கு எதையும் சுத்தி மூடாத, மூடுனா பல மடங்கு உள்ள போகும். போட்டுட்டுக் கையில பிள்ளையத் தூக்காத. ரெண்டு வாரம், அப்புறம் எங்கிட்ட வந்து காட்டு." அப்புறம் இன்னொண்ணு சொன்னாரு. கடைசியா ஒண்ணு சொன்னாரு. அது மட்டும் எனக்கு வரமாட்டேங்குது. அந்த நேரம் பாத்து நான், ஏன்யா இம்புட்டுக் கண்டிசனா, இது மருந்தா இல்ல மாமியாளான்னு கேட்டேன், கடைசியில அவரும் சிரிச்சுட்டாரு, அந்தச் சிரிப்புக்கு நடுவுலதான் அதச் சொன்னாரு. சிரிப்பு நல்லா ஞாபகம் இருக்கு. சொன்னது போயிருச்சு. என்னமோ, "ஆறிப்போச்சுன்னு" அப்படின்னு ஆரம்பிச்சாரு. ஆறிப்போச்சுன்னு, என்ன? ஆறிப்போச்சுன்னு?

மருந்து வேலை செஞ்சுச்சு, அதுல ஒரு குறையும் சொல்லமாட்டேன், மந்திரம் போட்ட மாதிரி. அரிப்பு அடங்குச்சு, வெடிப்பு மூடுச்சு, ரெண்டு வாரத்துல எங்கைய நானே மோந்து பாத்தேன், எவளோ கடன் குடுத்த கை மாதிரி இருந்துச்சு. அப்புறம் வேலைக்குப் போகையில உள்ள துணி உறை, மேல ரப்பர் உறை, மேஸ்திரி கேலி பண்ணான், போடான்னுட்டேன். ஆனா வேலை செய்ற இடத்துல இருக்கே கூட்டம், அதுக்கு ஒரு மருந்து ஒரு இடத்துல கேட்டுருச்சுன்னா போதும், ஒலகத்துல இருக்குற அம்புட்டு ஓட்டையும் அதே மருந்தால அடைச்சுப்புடணும். இருளப்பன் கொத்தனாருக்குக் கெண்டைக்கால்ல ஒரு தடிப்பு, வருசக்கணக்கா அரிச்சுக்கிட்டுக் கெடக்கு. "பஞ்சு, அந்தப் பேரச் சொல்லு, ஒண்ணு வாங்கிக்கிறேன்"னாரு. வாங்குனாரு. எப்படிப் போட்டாரு தெரியுமா, அவரு கொத்தனாருல்ல, செவத்துக்குப் பூசுற மாதிரி கனமாப் பூசி, மட்டம் தட்டி, பூச்சு காயக் கூடாதுன்னு தளத்துக்கு ஈரச்சாக்கு போட்டு மூடுவோமே, அதே மாதிரி சிமிண்டுப் பையோட பிளாஸ்டிக்கக் கிழிச்சுக் கால்ல சுத்திக் கயிறு கட்டிக்கிட்டு வேலைக்கு வந்தாரு. "தண்ணி காட்டுனாத்தான புள்ள செட்டாகும், காஞ்சா வெடிச்சுரும்"ங்கிறாரு. நான் இடுப்புல கைய வச்சுக்கிட்டுச் சொன்னேன், கொத்தனாரே, அது தளம் இல்ல, காலு, மூடுனா உள்ள போயித் திங்கும், இன்னும் ரெண்டு மாசத்துல ஒங்க காலு வெங்காயத்தோலு மாதிரி உரிஞ்சு உள்ள இருக்குற எலும்பு எட்டிப் பாத்து வணக்கம் சொல்லும். சிரிச்சாக. அம்புட்டுப் பேரும் சட்டியக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாக. அன்னைக்குச் சங்கவியும் அங்கதான் இருந்தா, தம்பிக்குச் சோறு கொண்டாந்தவ, வயித்துல பிள்ளையோட, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. எனக்கு அப்ப ஒரே குளுகுளுன்னு இருந்துச்சு, இம்புட்டுப் பேரச் சிரிக்க வச்சுட்டமேன்னு. அப்புறம் அந்தக் காலு என்னாச்சு, தோலு மினுமினுன்னு மெலிஞ்சு, நரம்பு நீலமாத் தெரிஞ்சு, செவப்புச் செவப்பாக் கோடு விழுந்து, லேசா கம்பி உரசுனா ரத்தம். அப்ப வந்து கேக்குறாரு, "நீ வெளையாட்டுக்குச் சொல்றேன்னுல நெனச்சேன்". வெளையாட்டுக்கு. எம்பொழப்பே இந்த ஒரு சொல்லுல நாசமாப் போகப்போகுது.

இன்னும் கூப்பிடல. இந்தா பாரு, பயலோட கை, நான் விரல வச்சா பிடிப்பான், எப்பவும் உடும்புப் பிடி பிடிப்பான், இப்ப வச்சேன், விரலு மேல கெடக்கு, அம்புட்டுத்தான். காய்ச்சல்ல கெடக்குற பிள்ள நசநசன்னு அழுகணும்ல. இவன் அழல. அழுது தொலைடா, அத்தை கேக்குறேன்ல. இவன் பொறந்தப்ப எலிக்குஞ்சு மாதிரி இருந்தான், சொன்னா சண்டைக்கு வருவா, ஆனா அப்படித்தான் இருந்தான், தெருவுல அம்புட்டுப் பேரும் எட்டிப் பாத்துட்டு, "என்ன சங்கவி, பால் இல்லையா, பிள்ள குச்சியா இருக்கு"ன்னு வாய் கூசாமக் கேட்டாளுக. சங்கவி மறைவுல போயி அழுவா. நாலாம் மாசத்துல பயலுக்குத் தொடையிடுக்குல செவந்து போச்சு, அந்த டயப்பரு இருக்குல்ல, பிளாஸ்டிக்கு ஜட்டி, அதுல மூத்திரம் ஊறி ஊறிப் புண்ணு. அது சாதாரணமா வர்றது, தொறந்து காத்தாட விட்டுத் தேங்காயெண்ணெ தடவுனா போயிரும். இவ என்ன செஞ்சா, என் அலமாரியில மிச்சம் கெடந்த டியூப்ப எடுத்துப் போட்டிருக்கா. சிமிண்டு தின்ன கையையே ஆத்துன மருந்துல்ல, பிள்ளைத்தோலுக்கு ஒரே ராத்திரியில செவப்பு மாயம். அம்புட்டுத்தான், பிடிச்சுக்கிட்டா. செவப்பு வந்தாலும் போடுறது, வரலைன்னாலும் வந்துருமோன்னு போடுறது, ஒவ்வொரு தடவ டயப்பர் மாத்தையிலயும் போடுறது. போட்டு மேல அந்தப் பிளாஸ்டிக்கு ஜட்டிய இறுக்கி ஒட்டுறது. இருளப்பன் கொத்தனாரு கால்ல செஞ்சத இவ பச்சப்பிள்ள இடுப்புல செஞ்சிருக்கா. தீந்து போனா முக்கு மெடிக்கல்ல காலி டியூப்பக் காட்டி, இதே மாதிரி ஒண்ணுன்னு கேப்பாளாம், அவனும் எடுத்துக் குடுப்பானாம், யாருக்கும்மா, எதுக்கும்மா, சீட்டு எங்கம்மான்னு ஒரு கேள்வி கிடையாது, முறுக்கு விக்கிறவன்கூட உறைப்பு வேணுமா வேணாமான்னு கேப்பான்டா. அவன் கடையில ஏறி ஒருநாள் வச்சுக்கிறேன்.

பயலு ஊதுனான். மூஞ்சி வட்டமா ஆச்சு, கன்னம் தொங்குச்சு, வயிறு பானையாட்டம் வந்துச்சு, கையும் காலும் மட்டும் வளரல. நெத்தியில, கன்னத்துல பூனைமுடி. தெரு சந்தோசப்பட்டுச்சு. குச்சின்னு சொன்ன அதே வாயிக, "ஆத்தே, என்னா அழகு, கொழுகொழுன்னு, கண்ணு பட்டுரும்டி"ங்குதுக. சங்கவி நெறைஞ்சு போனா. கன்னத்துல மைப்பொட்டு, உள்ளங்கால்ல மைப்பொட்டு, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை மொளகா சுத்தி அடுப்புல போடுறது. வெளிய இருக்குற கண்ணுக்கெல்லாம் சுத்திப் போட்டா, இடுப்புல மூடி வச்சத எவன் கண்டான். நானும்தான், பயலுக்குப் பூசணின்னு பேரு வச்சேன், கட்டடத்துல கண்ணுப்படக் கூடாதுன்னு மூஞ்சி வரைஞ்சு தொங்கவிடுவாகளே திருஷ்டிப் பூசணி, அதே கன்னம்டா ஒனக்குன்னேன், சிரிச்சாக. எனக்குக் கண்ணு எங்க போச்சு. அதுக்கப்புறம் எங்க ஏரியா பொங்கல் விழாவுல கொழுகொழு குழந்தை போட்டின்னு வச்சானுக. எடை மிசின்ல தூக்கி வச்சுப் பாத்துட்டு எங்க பூசணிக்குத்தான் மொதப் பரிசு, எவர்சில்வர் குடம், மைக்குல பேரச் சொன்னானுக, சங்கவி சேலையச் சரி பண்ணிக்கிட்டு மேடையேறுனா, என் தம்பி விசிலடிச்சான். வீங்குன பிள்ளைக்குப் பரிசு குடுத்த ஊருடா இது. அந்தக் குடம் இப்பவும் வீட்டு முன்னாடி எல்லாருக்கும் தெரியிற மாதிரி கவுத்து வச்சிருக்கு. அதப் பாக்கும்போதெல்லாம் எட்டி ஒதைக்கணும் போல இருக்கு. ஒதைச்சா குடம் நசுங்கும், சங்கவி மூஞ்சியும் நசுங்கும். அவ வாழ்க்கையில மேடையேறுனது அந்த ஒரு தடவதான்.

ஞாயித்துக்கெழமைதான் நான் பாத்தேன். அவ தலைக்கு ஊத்திக்கிட்டு இருந்தா, பயலு ஊறிக் கெடந்தான், நான் ஜட்டிய மாத்துவோம்னு அவுத்தேன். தொடையில கோடு. செவப்புச் செவப்பா, கொத்தனாரு கால்ல இருந்த அதே கோடு. தோலு மினுமினுன்னு, உள்ள நரம்பு தெரியுது. தொட்டிலுக்கு அடியில கெடந்த பையக் கொட்டுனேன், பவுடரு, துணி, டியூப்பு. என் டியூப்போட தங்கச்சி. ஈரத்தலையோட வந்தவள, ஏன்டி கூறுகெட்டவளே, இது என்னடின்னு கேட்டேன். "செவந்துச்சு மதினி, போட்டேன், நல்லா இருக்குல்ல." பிள்ளைகளுக்குத் தொடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி. "நீங்க எல்லாத்துக்கும் அப்படித்தான சொல்வீக, எலும்பு வந்து வணக்கம் சொல்லும்னு." அப்புறம் என் வாயி என்னென்னமோ பேசுச்சு, தெருவே கூடிருச்சு. டியூப்பப் பிடுங்கி மடியில சொருகிக்கிட்டேன். இனி ஒரு துளி அவன் மேல பட்டுச்சு, மெடிக்கல்காரனையும் ஒன்னையும் சேத்து வச்சுப் பூசிருவேன்னேன். பயந்துட்டா, மெடிக்கலு பக்கமே போகல. பிள்ளையக் காப்பாத்திப்புட்டோம்னு நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்தேன். நிறுத்திட்டோம்ல, இனி வடிஞ்சுரும்னு நெனச்சேன். வடியல. சோந்துக்கிட்டே போறான். அதுதான் எனக்கு வெளங்கல. நெருப்ப அணைச்சப்புறமும் வீடு ஏன் எரியுது? ஆறிப்போச்சுன்னு, ஆறிப்போச்சுன்னு, என்னய்யா சொன்னீரு, வாயில வந்து நின்னுக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது, என் சிரிப்புல மண்ணப் போட.

"மதினி, கண்ணத் தொறக்கமாட்டேங்கிறான்." சங்கவி குரலு வேற மாதிரி இருந்துச்சு. நான் பயல வாங்குனேன், தலை அப்படியே எங்கையில சாஞ்சுச்சு, ஒடம்பு வேர்த்துச் சில்லுன்னு இருக்கு. கேப்பக்கூழு கேட்ட பொம்பள, "எம்முறைதான் அடுத்து, நீ போ, போ"ன்னு எந்திரிச்சுக் கதவத் தள்ளி விட்டுச்சு, ஒன்னைய வஞ்சதெல்லாம் வாபஸ் ஆத்தா. உள்ள சின்ன வயசு டாக்டரம்மா, முடிய ரப்பர் பேண்டுல இழுத்துக் கட்டி, கண்ணுக்குக் கீழ கருப்பு. "என்னம்மா?" சங்கவி முந்திக்கிட்டா. "காய்ச்சலு டாக்டர், வாந்தி." டாக்டரம்மா நெஞ்சுல கொழாய வச்சுக்கிட்டே கேட்டுச்சு, "ஏதாவது மருந்து குடுத்தீங்களா? எண்ணெ, களிம்பு ஏதாவது?" "ஒண்ணுமில்ல டாக்டர். பவுடரு மட்டுந்தான்." நான் ஆரம்பிச்சேன், டாக்டரம்மா, சத்தியமாச் சொல்றேன், இந்த ரெண்டு உள்ளங்கை மேல. அம்புட்டுத்தான் சொன்னேன். சங்கவி சொல்றா, "எங்க மதினி எப்பவும் வெளையாட்டாத்தான் டாக்டர் பேசுவாக, கண்டுக்காதீக". டாக்டரம்மா லேசாச் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பு. காலையிலேர்ந்து கோத்து வச்ச பேச்சு அம்புட்டும் அந்தச் சிரிப்புல கொட்டிப் போச்சு. பயல மேசையில கெடத்துனேன், ஜட்டியோட ஒட்டுப்பட்டிய பர்ருன்னு பிரிச்சேன், தொடைய விரிச்சுக் காட்டுனேன். சுருக்குப்பைய அவுத்து வெத்தலையோட சேத்து டியூப்ப மேசையில போட்டேன். எங்கையி ரெண்டையும் விரிச்சேன். இதுக்குக் குடுத்தது, அங்க போட்டிருக்கு, நாலாம் மாசத்துலேர்ந்து, மேல இத வச்சு மூடிருக்குன்னேன். ஒரு கேலி இல்ல, ஒரு கிண்டல் இல்ல, எனக்கே எங்குரலு தெரியல.

டாக்டரம்மா எந்திரிச்சுருச்சு. டியூப்பத் திருப்பிப் பாத்துச்சு, தொடைக் கோட்டப் பாத்துச்சு, பயலோட மூஞ்சியப் பாத்துச்சு, அந்த வட்ட மூஞ்சிய மொதத் தடவையா ஒரு ஆளு அழகுன்னு சொல்லாமப் பாத்துச்சு. "எப்ப நிறுத்துனீங்க?" ஞாயித்துக்கெழமை, நாந்தான் பிடுங்குனேன்னு நெஞ்ச நிமித்துனேன். "ஒரேயடியாவா?" ஒரேயடியாத்தான். டாக்டரம்மா கண்ண மூடித் தொறந்துச்சு. "பலமான மருந்து இவ்வளவு நாள் உள்ள போனா, ஆறிப்போச்சுன்னு திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா." ஆறிப்போச்சுன்னு திடீர்னு நிறுத்தாத, கொஞ்சங்கொஞ்சமாக் கொறைக்கணும், எங்கிட்டக் கேட்டுட்டுச் செய்யி. அதுதான். அய்யா, அதுதான் நீரு சொன்னது, நான் மாமியாளான்னு கேட்டுச் சிரிச்சேனே, அப்பச் சொன்னது. என் உள்ளங்கைக்கு அது பெருசா இல்ல, டியூப்பு தீரத் தீர நானா மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சுப் போட்டுத் தன்னால கொறைஞ்சுருச்சு. இவனுக்கு நான் வெடுக்குன்னு உருவிட்டேன். டாக்டரம்மா நர்சக் கூப்பிட்டுச்சு, சர்க்கரை பாருங்க, ஊசி ஏத்துங்கன்னுச்சு, அதுக்குள்ளயே எங்களுக்குச் சொல்லுச்சு, நம்ம ஒடம்புக்குள்ளயே இந்த மாதிரிச் சத்து ஒண்ணு ஊறுமாம், வெளியிலேர்ந்து நெறையா வரவும் உள்ள இருக்குறது வேலைய நிறுத்திட்டுத் தூங்கிருமாம், இப்ப வெளிய இருந்ததும் இல்லாம உள்ள இருந்ததும் இல்லாமப் பிள்ள தாங்கல. எனக்கு யாரும் அதுக்கு மேல வெளக்க வேண்டியதில்ல. தளம் போட்டா அடியில முட்டுக்கம்பு நிறுத்துவோம், கம்பு தாங்குதுன்னு தளம் நிக்கும், ஒருத்தன் ஆத்திரத்துல வந்து கம்ப ஒரே நாள்ல உருவுனா மொத்தமும் தலையில எறங்கும். நான் ஆத்திரத்துல உருவுனேன். நல்ல எண்ணத்துலதான் உருவுனேன். தளத்துக்கு எண்ணம் தெரியுமா.

சங்கவி செவத்தோட செவமா நின்னா. இப்ப வைவாக, இப்பப் போலீசக் கூப்பிடுவாகன்னு நெனச்சிருப்பா. டாக்டரம்மா வையல. அவ கையப் பிடிச்சு, "நீங்க மறைச்ச மாதிரியே இவங்களும் மறைச்சிருந்தா நான் காய்ச்சல் மருந்து எழுதி வீட்டுக்கு அனுப்பிருப்பேன்"னு மட்டும் சொல்லுச்சு. அதுக்கு வஞ்சிருக்கலாம். சங்கவி அப்படியே தரையில உக்காந்து எங்காலக் கட்டிக்கிட்டா, "குச்சின்னு சொன்னாக மதினி, எல்லாரும் குச்சின்னு சொன்னாக"ங்கிறா. எனக்கு அவ மேல இருந்த கோவம் எங்க போறதுன்னு தெரியாம நிக்குது. மெடிக்கல்காரன் மேல போகுது, மேடையில மைக்குப் பிடிச்சவன் மேல போகுது, பூசணின்னு பேரு வச்சவ மேல போகுது, சுத்திச் சுத்தி எங்கிட்டயே வந்து நிக்குது. எந்திரிடி, தரை ஆஸ்பத்திரித் தரைன்னேன்.

இப்ப வார்டுல கெடக்கான். நான் எந்தச் சாதி மருந்தப் பிடுங்குனேனோ அதே சாதி மருந்தத்தான் ஊசியா ஏத்திருக்காக, அளந்து, பாத்துப் பாத்து. இனி மாசக்கணக்காக் கம்பு கம்பா உருவணுமாம், ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம், வீங்குனது மெல்ல வடியுமாம், பிழைச்சுக்குவான்னாக. அந்த எவர்சில்வர் குடத்தக் கொண்டாறச் சொல்லி என் தம்பிக்குப் போன் போட்டுட்டேன், வார்டுல தண்ணி பிடிக்க ஆகும், பிள்ளையத் தொடுறதுக்கு முன்னாடி அம்புட்டுப் பேரும் அதுல கையக் கழுவணும், பரிசு வாங்குனதுக்கு அதாவது செய்யட்டும். சன்னலுக்கு வெளிய இன்னும் வெயிலு. பயலோட கையில ஊசி ஒட்டிருக்கு, நான் விரல வச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன், ரொம்ப நேரமா வச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன், விரலு மேல கை கெடக்கு. அப்புறம் பிடிச்சான். லேசா. அப்புறம் இறுக்கி. அப்புறம் கண்ணத் தொறந்து என் மூஞ்சியப் பாத்தான், பாத்துட்டு வாயக் கோணி ஒரு அழுகை அழுதான் பாருங்க, வார்டே திரும்பிப் பாத்துச்சு, பக்கத்துக் கட்டில்ல தூங்குன பிள்ளைக ரெண்டு முழிச்சுக்கிட்டு அதுகளும் அழுகுதுக, "பிள்ளைய அமத்தும்மா"ங்கிறாக. அமத்தமாட்டேன். அழுவட்டும். இத்தன நாளா என்னையப் பாத்துச் சிரிக்காம அழுத ஒரே ஆளு இவன்தான், மருவாதி தெரிஞ்ச பய.

அம்புட்டும் உண்மை, உள்ளங்கையப் பாத்துக்கங்க, ஒரு வெடிப்புகூட விழல. அது சரி, இம்புட்டு நேரம் ஓசியிலதான கேட்டீக? கீழ கேண்டீன் தொறந்துருக்கு. எனக்கு ஒரு டீ, சங்கவிக்கு ஒரு பாலு, அவ சாப்பிடல. நடுவுல சிரிச்சவுக எல்லாம் ஆளுக்கு ஒரு வடை கூடச் சேத்து வாங்கிட்டு வரணும். சிரிக்கலைன்னு பொய் சொல்லாதீக, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சட்டினிய மறந்துட்டு வந்தீக, திருப்பி அனுப்பிருவேன்.